வாக்குப் பெட்டி முதல் வாக்குப் பொறி வரை

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம் அனைவருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. தாய்மொழியில் நூல் பல கற்றவராயினும், புது ஊரில் வண்டியை விட்டு இறங்கிய அந்த முதல் நாளில் நாம் எழுத்தறியாதவர்களாகவே நின்றோம். பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்தவை நமக்கு வெறுங்கோடுகள். கடைப் பலகை வெறும் வண்ணம். அலுவலகத்துப் படிவமோ ஒரு புதிர். அன்று நமக்குக் கைகொடுத்தவை யாவை? ஒரு படம், ஓர் எண், ஒரு நிறம், பொருள்களை வரிசையாக வைத்திருந்த முறை ஆகியவையே. இவை ஒழுங்காக இருந்த இடத்தில் தலைநிமிர்ந்து காரியத்தை முடித்துக்கொண்டோம். ஒழுங்கற்று இருந்த இடத்தில் தவறு செய்தோம், ஏச்சுக் கேட்டோம், நம் அறியாமையை நாமே நொந்துகொண்டு திரும்பினோம்.

அந்தத் தவறு யாருடையது? பொருளைக் கையாண்டவருடையதா, பொருளை ஆக்கியவருடையதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் இக்காலத்தில் 'பயனர் அனுபவம்' என்று வழங்கும் துறை பிறந்தது. கணிப்பொறிக்கும் செல்பேசிக்கும் மட்டுமே உரிய கலை இது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. கணிப்பொறி நம் நாட்டுக்கு வருமுன்னரே, இதே கேள்வியை உலகில் வேறெந்த நாடும் எதிர்ப்படாத அளவில் நம் நாடு எதிர்ப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள், பிறர் உதவியின்றி, மறைவாக, பிழையின்றித் தம் வாக்கை அளிப்பது எவ்வாறு என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேடிய வரலாற்றை இங்குக் காண்போம்.

முதலில் இத்துறையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நாட்டின் 'பி-17' என்னும் குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே வயிறு உராய விழுந்து சேதமாயின. விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுக்கும் விசையைத் தவறுதலாக இயக்கிவிட்டதே காரணம். 'விமானியின் பிழை' என்று எழுதி வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் 1943 ஆம் ஆண்டில் இதை ஆராய வந்த அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளநூல் அறிஞர் வேறொன்றைக் கண்டார். சக்கரத்துக்குரிய விசையும் இறக்கையின் மடிப்புக்குரிய விசையும் அருகருகே, ஒரே வடிவில் அமைந்திருந்தன. களைத்துப் போன கை இரண்டையும் எவ்வாறு பிரித்தறியும்? சக்கர விசையின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துமாறு அவர் கூறினார். கண்ணால் பாராமலே கை உணர்ந்துகொண்டது, தவறும் நின்றது. மனிதரைத் திருத்துவதை விட்டுப் பொருளைத் திருத்துக என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி உலகுக்கு வழங்கிற்று.

இப்பாடத்தைப் பின்னர் நூல்வடிவில் விளக்கியவர்களுள் தலையாயவர் டொனால்ட் நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர். 1988 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், கதவு, அடுப்பு, தொலைபேசி போன்ற அன்றாடப் பொருள்களை எடுத்துக்கொண்டு, அவை ஏன் நம்மைத் தடுமாறச் செய்கின்றன என்று ஆராய்ந்தது. 1993 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த அவர், 'பயனர் அனுபவம்' என்னும் தொடரைத் தம் பதவியின் பெயரிலேயே அமைத்துக்கொண்டார். இத்துறையினர் வகுத்த கருத்துகள் பலவாயினும், அவற்றுள் ஐந்து முதன்மையானவை. பயன்படுத்துவோர் யார் என அறிதல் ஒன்று. இன்னது செய்யவேண்டும் என்பதைப் பொருளே காட்டுதல் இரண்டு. தவறு நேராதவாறு முன்கூட்டியே தடுத்தல் மூன்று. செய்த செயல் நிறைவேறியது என்று உடனே மறுமொழி கூறுதல் நான்கு. ஒருவரையும் புறத்தே நிறுத்தாமை ஐந்து. நம் நாட்டுத் தேர்தலின் வரலாறு இவ்வைந்துக்கும் எடுத்துக்காட்டு.

இந்தியாவுக்கு இத்தகைய சிந்தனை புதியதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். 1958 ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், இந்நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் தலைசிறந்ததாக வியந்து போற்றியது எதை? மாளிகையை அன்று, சிற்பத்தை அன்று, நாம் தண்ணீர் முகக்கும் செம்பையே. எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் எவ்வாறு அமரவேண்டும், ஊற்றும்போது எவ்வாறு சாயவேண்டும், கழுவுவதற்கு எளிதா என்பன போன்ற கேள்விகள் பலவற்றுக்குப் பல தலைமுறைகள் கூடிக் கண்ட விடை அச்செம்பு என்று அவர்கள் தம் அறிக்கையில் விளக்கினர். அவ்வறிக்கையின் பயனாக 1961 ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1969 இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் அமைந்தது. இவ்விரு நிறுவனங்களையும் நம் வரலாற்றில் மீண்டும் சந்திப்போம்.

இனி, 1951 ஆம் ஆண்டுக்குச் செல்வோம். சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் அவ்வாண்டு அக்டோபர் 25 இல் தொடங்கி, 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்றது. வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். 1951 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. கணிதம் பயின்றவரும் முதல் தலைமைத் தேர்தல் ஆணையருமாகிய சுகுமார் சென் அவர்களின் தோளில் இப்பெரும்பாரம் சுமந்தது. பெயரைப் படிக்கவும் அடையாளமிடவும் தெரியாதவர் எவ்வாறு வாக்களிப்பார்?

அன்று கண்ட விடை மிகவும் எளியது. அந்நாளில் அபேட்சகர் என்று வழங்கப்பட்ட வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் எதையும் எழுதவேண்டியதில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. கையில் கொடுத்த சீட்டைத் தாம் விரும்பும் சின்னமுள்ள பெட்டியில் போட்டால் போதும். பூட்டிய காளைகள், ஆலமரம், கதிரும் அரிவாளும், குடிசை, விளக்கு என்று சின்னங்கள் யாவும் உழவனும் தொழிலாளியும் நாள்தோறும் காணும் பொருள்களாக இருந்தன. பசு, கோயில் போன்று சமய உணர்ச்சியைத் தூண்டக்கூடியவை விலக்கப்பட்டன. சின்னம் வாக்காளரை ஒரு பக்கம் இழுக்கவும் கூடாது, அவருக்குப் புரியாமற் போகவும் கூடாது என்னும் இரு நெறிகளையும் ஆணையம் ஒருங்கே கைக்கொண்டது. ஏறத்தாழ 2,24,000 வாக்குச் சாவடிகள், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட எஃகுப் பெட்டிகள், அவற்றுக்கு 8,200 டன் எஃகு என அந்த ஏற்பாடு விரிந்தது. மக்களுக்கு முறையைப் பழக்க ஒத்திகைத் தேர்தல்கள் நடத்தப்பட்டன. திரையரங்குகளில் குறும்படங்கள் காட்டப்பட்டன. வானொலியும் தன் பங்கை ஆற்றிற்று.

ஆயினும், இத்துணை முன்யோசனையும் ஓரிடத்தில் இடறியது. வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றவர்கள் வீட்டுப் பெண்களின் பெயரைக் கேட்டனர். வடமாநிலங்களில் பல பெண்கள் அயலாரிடம் தம் பெயரைச் சொல்ல நாணினர். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்றே பதிவாயிற்று. சொந்தப் பெயரில்லாத பதிவு செல்லாது என்று ஆணையம் உறுதியாக நின்றது. முடிவில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. ஆணையத்தின் கொள்கை சிறந்ததே. பெண்ணுக்குத் தன் பெயரே உரிமை; கணவனின் பெயர் அன்று. ஆனால் கேட்ட முறை, கேட்கப்பட்டவரின் வாழ்க்கையை அறியாமல் அமைந்துவிட்டது. பயன்படுத்துவோர் யார் என அறிதல் என்னும் முதற் கருத்துக்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை வரைவது எளிது. அதை நிரப்பவேண்டியவரின் நாணத்தையும் அச்சத்தையும் அறிவது அரிது.

பெட்டி முறையிலும் குறைகள் வெளிப்பட்டன. வேட்பாளர் தொகை பெருகப் பெருகப் பெட்டிகளின் தொகையும் பெருகியது. அடையாளமற்ற வெற்றுச் சீட்டை ஒருவர் பெட்டியில் போடாமல் மறைத்து வெளியே கொண்டுவந்து, வேறொருவரிடம் கொடுத்துவிடவும் வழி இருந்தது. ஆகவே 1957 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர்ப் புதுமுறை சோதித்துப் பார்க்கப்பட்டு, 1962 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பரவலாகக் கொண்டுவரப்பட்டது. வேட்பாளர் அனைவரின் பெயரும் சின்னமும் ஒரே தாளில் அச்சிடப்பட்டன. வாக்காளர் தாம் விரும்பும் சின்னத்தின்மீது இரப்பர் முத்திரையைப் பதித்து, மடித்து, ஒரே பொதுப் பெட்டியில் போட்டார். விரலில் வைக்கும் அழியா மையும் அவ்வாண்டு முதல் மைசூரிலுள்ள அரசுத் தொழிற்சாலையிலிருந்து வரலாயிற்று. அதன் செய்முறை தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் தந்தது.

அந்த முத்திரையின் வடிவத்தை நாம் சற்றே நின்று நோக்குதல் தகும். அது வெறுங்கீறலன்று; வட்டமாகச் சுழல்வது போன்ற அம்பு முனைகளையுடைய குறுக்குக் குறி. ஏன் இந்த வடிவம்? ஈர மையுடன் தாளை மடிக்கும்போது, எதிர்ப்பக்கத்திலுள்ள வேறொரு சின்னத்தின்மீதும் மை படிந்துவிடும். எண்ணுகிறவர் இரு குறிகளைக் கண்டு வாக்கைச் செல்லாததாக்கிவிடக்கூடும். ஆனால் சுழலும் குறி படியும்போது கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்த்திசையில் சுழலும். எது வாக்காளரின் கை வைத்த குறி, எது மடிப்பினால் விழுந்த கறை என்று உடனே தெரிந்துவிடும். தவறு நேரும் என்று ஒப்புக்கொண்டு, அத்தவறு வாக்காளரைத் தண்டியாதவாறு காத்த இச்சிறு முத்திரை, பெரும்பொறிகளுக்குப் பாடஞ் சொல்லத் தக்கது.

எனினும் தாள் முறைக்கும் எல்லை இருந்தது. இரு சின்னங்களுக்கு நடுவே பதித்த முத்திரைகளால் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் இலட்சக்கணக்கான வாக்குகள் செல்லாமற் போயின. ஒரே கட்டாகத் தாள்களைத் திருடி முத்திரையிட்டுப் பெட்டியை நிரப்பும் அடாவடியும் சில பகுதிகளில் நடந்தது. 1996 ஆம் ஆண்டில் நம் தமிழகத்து மொடக்குறிச்சியில் நேர்ந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். உழவர்கள் தம் குறைகளை நாட்டுக்கு உணர்த்தப் பெருந்திரளாக வேட்புமனு அளித்தமையால், அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாயிற்று! தேர்தலையே தள்ளிவைக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவை வேட்பாளரின் காப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. வழக்கமான அளவுக்கு இசைந்து நிற்கும் அமைப்பு, அளவு மீறும்போது எவ்வாறு உடைகிறது என்பதை மொடக்குறிச்சி காட்டிற்று.

இதற்கிடையே பொறிமுறை உருவாகிக்கொண்டிருந்தது. 1977 ஆம் ஆண்டில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ். எல். ஷக்தர் இக்கருத்தை முன்வைத்தார். ஹைதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979 இல் மாதிரிப் பொறியை ஆக்கியது. 1980 ஆகஸ்டு 6 ஆம் நாள் அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு அது இயக்கிக் காட்டப்பட்டது. பெங்களூரிலுள்ள பாரத் மின்னணு நிறுவனமும் இம்முயற்சியில் சேர்ந்தது. பொறியின் புறவடிவத்தையும், அது கையாள்வோரின் கையிலும் கண்ணிலும் எவ்வாறு படவேண்டும் என்பதையும் வகுத்தவர்கள், முன்னர் நாம் கூறிய மும்பைத் தொழில் வடிவமைப்பு மையத்தின் பேராசிரியர்கள் ஏ. ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோர்.

பொறியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அதில் உள்ளவற்றைவிட இல்லாதவையே நம்மை வியக்கச் செய்யும். அது இரு பகுதிகளால் ஆனது. ஒன்று அதிகாரியிடம் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி. மற்றொன்று மறைவில் வாக்காளர்முன் உள்ள வாக்களிப்புப் பகுதி. இரண்டையும் ஒரு கம்பிவடம் இணைக்கும். அதிகாரி தம் பொத்தானை அழுத்தி இசைவு தந்தால்தான் வாக்களிப்புப் பகுதி விழித்தெழும். வாக்காளர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அது மீண்டும் உறங்கிவிடும். பிறகு எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. இரு சின்னங்களுக்கு நடுவே வாக்களிக்க வழியே இல்லை. ஆகவே செல்லாத வாக்கு என்பதும் இல்லை. போட்டியிடுவோர் பத்துப் பேர் எனின், எஞ்சிய பொத்தான்கள் மூடப்பட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் சில வாக்குகளை மட்டுமே பொறி ஏற்பதால், சாவடியைக் கைப்பற்றியவர்கூட விரைந்து நிரப்ப இயலாது. மின்சாரமில்லாத சிற்றூரிலும் மலைச்சரிவிலும் மின்கலத்தைக் கொண்டே அது இயங்கும். தவறு செய்யாதே என்று பலகையில் எழுதி மாட்டுவதைவிடத் தவறு செய்ய வழியில்லாதவாறு அமைப்பதே மேல் என்னும் மூன்றாம் கருத்து இங்கு உருப்பெற்றது.

வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தியவுடன் அச்சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி ஒன்று எழுகிறது. கண்ணுக்கு ஒரு சான்று. செவிக்கு ஒரு சான்று. சாவடியில் அமர்ந்துள்ள முகவர்களும் அவ்வொலியைக் கேட்டு, ஒரு வாக்குப் பதிவாயிற்று என்று அறிவர். யாருக்கு என்று அறியார். மறுமொழி கூறுதல் என்னும் நான்காம் கருத்தை மறைவுக்குக் கேடின்றி நிறைவேற்றிய திறம் இதுவாகும்.

மற்றொரு நுட்பம் வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமானது. பொறிக்கு எந்த மொழியும் தெரியாது! பெயரும் சின்னமும் ஒரு தாளில் அச்சிடப்பட்டுப் பொறியின்மேல் பொருத்தப்படுகின்றன. பொறி அறிவது வரிசை எண்ணை மட்டுமே. ஆகவே ஒரே பொறி இன்று மராத்தியில் பேசும். மறுதேர்தலில் வங்காளத்தில் பேசும். தமிழகத்தில் தமிழில் பேசும். அந்த மாநிலத்து எழுத்தைப் படிக்கத் தெரியாத நம் முதியவர்கூடச் சின்னத்தைக் கண்டு, அதற்கு நேரே உள்ள பொத்தானை அழுத்தி, எவர் துணையுமின்றித் தம் கடமையை ஆற்றித் திரும்புகிறார். 1951 இல் கல்லாதவருக்காக வகுத்த வழி, வேற்றுமொழி நாட்டில் வாழும் கற்றவருக்கும் வழியாயிற்று. மிகவும் இடர்ப்படுவோரை மனத்தில் கொண்டு ஆக்கிய பொருள் அனைவருக்கும் பயன்படும் என்பதற்கு இதுவே சான்று.

சின்னத்துக்கு நேரே பொத்தான் என்பது எளிய செய்தியாகத் தோன்றலாம். அதன் அருமை, அது இல்லாத இடத்தில்தான் விளங்கும். 2000 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில், முதியோர் படிப்பதற்கு வசதியாகப் பெரிய எழுத்தில் அச்சிட விரும்பி, பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களில் பரப்பினர். துளையிட வேண்டிய புள்ளிகளை நடுவே ஒரே வரிசையில் வைத்தனர். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்தது அல் கோர் பெயர். ஆனால் இரண்டாம் துளையோ வலப்பக்கத்திலிருந்த பாட் புகானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாம் துளை. புகானனுக்கு அவ்வட்டாரத்தில் 3,407 வாக்குகள் விழுந்தன. ஏறத்தாழ 19,000 சீட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளினால் செல்லாதனவாயின. மாநிலம் முழுவதிலும் வெற்றியை முடிவு செய்த வித்தியாசமோ 537 வாக்குகளே! அங்கு வாக்களித்தோர் எழுத்தறிந்தவர்கள். வரைந்தவரின் நோக்கமும் நல்லதே. இருந்தும் கண்ணும் கையும் பொருந்தாத ஒரு தாள் ஒரு பெருநாட்டின் வரலாற்றைத் தொட்டுவிட்டது. அத்தாளை முன்னதாகச் சில முதியோரிடம் கொடுத்துச் சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும்.

நம் நாட்டிலும் பொறியின் பாதை நேராக இருக்கவில்லை. 1982 மே 19 ஆம் நாள் கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக அது பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். தோல்வியுற்ற ஏ. சி. ஜோஸ் நீதிமன்றத்தை நாடினார். சட்டம் சொல்வது சீட்டும் பெட்டியுமே. பொறிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984 மார்ச் 5 இல் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளில் தாள் முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தபோது முடிவு மாறி, ஜோஸ் வென்றார். 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், தில்லி ஆகியவற்றில் 16 தொகுதிகளில் மீண்டும் சோதனை நடந்தது. 2001 இல் தமிழகம், கேரளம், மேற்கு வங்காளம், புதுவை ஆகிய சட்டமன்றத் தேர்தல்கள் முழுவதும், 2004 இல் மக்களவையின் 543 தொகுதிகள் முழுவதும் பொறியினாலேயே நடைபெற்றன. மாதிரியிலிருந்து நாடு முழுவதும் பரவக் கால் நூற்றாண்டு பிடித்தது. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. சட்டமும் பழக்கமும் நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்து வளரவேண்டும்.

நம்பிக்கை என்று கூறினோம். தாளில் தம் குறியைக் கண்ணால் கண்டவர், பொறியினுள் நடப்பதைக் காண இயலாது. விளக்கு எரிந்தது, ஆயினும் உள்ளே பதிவானது அதுவேயா என்னும் ஐயத்தைப் பல கட்சிகள் வெவ்வேறு காலங்களில் எழுப்பின. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில், வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் துணைப்பொறி முதன்முறையாக வைக்கப்பட்டது. எண்ணும் பெயரும் சின்னமும் பொறித்த சிறு சீட்டு, கண்ணாடிச் சாளரத்தின் பின்னே ஏழு நொடி தோன்றி, பின்னர்ப் பெட்டிக்குள் விழுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 8 இல் உச்ச நீதிமன்றம் இம்முறையைப் படிப்படியாகக் கொண்டுவர உத்தரவிட்டது. 2019 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அனைத்துச் சாவடிகளிலும் அது இடம்பெற்றது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்னும் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 இல் அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்வழக்குகளின் முடிவு எதுவாயினும், அவை உணர்த்தும் உண்மை ஒன்று: பொறி சரியாக இயங்குவது வேறு, சரியாக இயங்குகிறது என்று எளியவரும் தம் கண்ணால் காண இயலுவது வேறு. இரண்டும் சேர்ந்தாலன்றி அனுபவம் நிறைவுறாது.

புறத்தே நின்றவர்களுக்கும் மெல்ல மெல்லக் கதவு திறந்தது. கண்பார்வையற்றோர் பிறர் துணையுடன் வாக்களிக்கும் நிலை இருந்தது. துணைவருக்குத் தெரிந்த வாக்கு முழு மறைவான வாக்காகுமா? 2004 ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்து ஆசிப்நகர் இடைத்தேர்தலில் பொத்தான்களின் அருகே பிரெய்லி எண்கள் பொறித்துப் பார்க்கப்பட்டன. 2009 முதல் எல்லாப் பொறிகளிலும் அவை இடம்பெற்றன. ஒரே பெயருடையோர் பலர் நிற்பதால் நேரும் குழப்பத்தை நீக்க, 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்ந்தது. எவரையும் விரும்பாதவர்க்கும் ஒரு பொத்தான் வேண்டும் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் கூற, அதற்குரிய சின்னத்தை அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்து தந்தது.

இவ்வளவு செய்தும் இன்னும் புறத்தே நிற்பவர் யார்? நேயர்களே, நம்மில் பலர்தாம். வேலையின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து, பெயரைச் சொந்த ஊரின் பட்டியலிலேயே வைத்திருப்போர், வாக்களிக்க வேண்டுமானால் கூலியையும் விடுப்பையும் இழந்து இரண்டு நாள் பயணம் செய்யவேண்டும். 2019 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 30 கோடி வாக்காளர்கள் வாக்களிக்கவில்லை. அவர்களுள் இடம்பெயர்ந்தோர் கணிசமானவர் எனத் தேர்தல் ஆணையம் கருதியது. 2022 டிசம்பர் 29 இல் ஆணையம் ஒரு புதிய மாதிரியை அறிவித்தது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளின் வாக்காளர்கள் தத்தம் தொகுதிக்கு வாக்களிக்கக்கூடிய தொலைவாக்குப் பொறி அது. மும்பையில் இருந்துகொண்டே திருநெல்வேலிக்கு வாக்களிக்கலாம் என்னும் கனவுக்கு அது உருவம் கொடுத்தது.

ஆனால் இங்கு ஒரு முடிச்சு விழுந்தது. 72 தொகுதிகளின் தாள்களை ஒரே பொறியின்மேல் பொருத்துவது எவ்வாறு? ஆகவே தாளுக்கு மாற்றாக, வாக்காளரின் தொகுதிக்கேற்ப மாறும் மின்திரை அமைக்கவேண்டியதாயிற்று. மொழியறியாத எளிய பொறி என்னும் பழைய நுட்பம் இங்குக் கைவிட்டுப் போகிறது. திரையில் தோன்றும் பெயர்கள் சரியானவையா என்று சரிபார்ப்பவர் யார்? தமிழகத்து வேட்பாளரின் முகவர் வேறு மாநிலத்துச் சாவடியில் எவ்வாறு அமர்வார்? இடம்பெயர்ந்தவர் என்று யாரைக் கொள்வது? 2023 சனவரி 16 இல் ஆணையம் கூட்டிய கூட்டத்தில் கட்சிகள் பல இத்தகைய ஐயங்களை எழுப்பின. 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அப்பொறி பயன்படவில்லை. ஐயங்கள் எளியவையல்ல, எளிதில் தள்ளத்தக்கவையும் அல்ல. எனினும், 28 இலட்சம் பெண்கள் பெயரின்றி நின்றதுபோல், கோடிக்கணக்கான தொழிலாளர் வாக்கின்றி நிற்பது, விடை காண வேண்டிய கேள்வி என்பதில் ஐயமில்லை. அவ்விடையைத் தேடும் கூட்டத்தில், இடம்பெயர்ந்தோராகிய நம் அனுபவமும் கேட்கப்படல் வேண்டும்.

இவ்வரலாறு தேர்தலோடு முடிவதன்று. பணம் கொடுக்கவும் வாங்கவும், பயணச்சீட்டுப் பெறவும், மருத்துவரைக் காணவும் இன்று செல்பேசித் திரையையே நாடவேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் தாயார் அத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பா, நான் படிக்காதவள்" என்று திருப்பித் தந்துவிடுகிறார். நாமும் பொறுமையிழந்து, "எத்தனை முறை சொல்லிக் கொடுப்பது?" என்று கடிந்துகொள்கிறோம். அவர் 1950களிலும் 60களிலும் பிறந்தவராயின், காகிதச் சீட்டிலும் பொறியிலும் எவர் துணையுமின்றிப் பலமுறை வாக்களித்தவர். அன்று பிழையின்றிச் செய்தவர் இன்று தடுமாறுவது ஏன்? அவர் மாறிவிடவில்லை, முன்னதை ஆக்கியவர்கள் அவரை மனத்தில் வைத்திருந்தார்கள், பின்னதை ஆக்கியவர்கள் வைக்கவில்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் இத்தகைய திரைகளை ஆக்கும் தொழிலிலேயே இருக்கின்றனர். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்கு வரும்போது, தாம் ஆக்கியதை முதலில் பாட்டியின் கையில் கொடுத்து, வாய் பேசாமல் அருகில் அமர்ந்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்க்கச் சொல்வோம். அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அவர்கள் திருத்தத் தொடங்கட்டும்.